மஸ்கட்டுக்குப் போன குருவி

பிச்சைக்கண்ணு அண்ணாச்சி மாடிப்படி ஏறுகிறார் என்றால் தெருவில் யாருடைய மானமோ கப்பலேறப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தச்சநல்லூரில் எங்கள் தெரு முனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவர் அவர். எந்த வீட்டுப் பெண் எந்த ஊருக்குப் போன் பேசி அழுதாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருக்கு அடுத்தபடியாக எனக்கு. அந்தச் சனிக்கிழமை காலையில் சைக்கிள் கடை மாடியிலிருக்கும் 'கோமதி துப்பறியும் நிலைய'த்துக்கு அவர் மூச்சிரைக்க ஏறியபோது, எதிர் மாடியில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். துணி அதற்கு முன்பே காய்ந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

துப்பறியும் கோமதிசங்கர் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார், அப்புறம் நம்பாததற்காக வருத்தப்படுவார். அவருக்கு உதவியாளன் மேலப்பாளையம் இர்ஷாத். ஆட்டோவும் அவனுடையது, வாயும் அவனுடையது. இரண்டுக்கும் பிரேக் கொஞ்சம் குறைச்சல். அதனால்தான் இந்தக் கதை முழுசாக என் கைக்கு வந்தது.

"கோமதி, பெரிய அவமானமாப் போச்சு வே. கைலாசம் ஸார் வீட்டுல வளையத்தக் களவாண்டுட்டாங்க" என்றார் பிச்சைக்கண்ணு.

"தங்கமா, கல்லு வச்சதா?" என்றான் இர்ஷாத்.

"குருவி கால்ல போட்ட வளையம்லே."

"குருவிக்குக் கல்யாணம் ஆயிட்டுதா? நமக்குப் பத்திரிகையே வரலையே."

கைலாசம் ஸார் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் வடக்கே சைபீரியாப் பக்கமிருந்து வந்து சேரன்மகாதேவி வயல்களில் இறங்கும் உள்ளான் பறவைகளை வலையில் பிடித்து, காலில் நம்பர் போட்ட வளையம் மாட்டிப் பறக்க விடுவார். உலகத்தின் எந்த மூலையிலாவது அந்தப் பறவை கிடைத்தால் கண்டெடுத்தவர் வளையத்தில் இருக்கும் விலாசத்துக்கு எழுத வேண்டும். பறவை எங்கே போகிறது என்று அப்படித்தான் தெரியுமாம். எங்கள் தெருவுக்கு உள்ளானும் குருவிதான், ஊர்க்குருவியும் குருவிதான். முப்பது வருஷமாக அவர் விட்ட குருவி ஒன்றுகூடப் பதில் போடவில்லை. அவர் தெருவில் இறங்கினால், "என்ன ஸார், குருவி கடுதாசி போட்டுச்சா?" என்று கேட்காத வாய் கிடையாது. போன வருஷம் போட்டுவிட்டது. மஸ்கட்டிலிருந்து! உறைக்குள் வளையம், கூடவே 'தோட்டத்தில் பறவை செத்துக் கிடந்தது' என்று இரண்டு வரி. உள்ளான்கள் போகும் புதிய வழி என்று ஸார் ஒரு கட்டுரை எழுதினார். பேப்பரில் வளையத்தின் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பம்பாயிலிருந்து ஒரு பறவை நிபுணர் அந்த வளையத்தைப் பார்க்க வருகிறார். அதை ஒட்டித் தெருவில் பாராட்டு விழா. விழாக் கமிட்டிச் செயலாளர் பிச்சைக்கண்ணு.

"வியாழக்கிழமை சாயந்திரம் சாலோமின்னு ஒரு பிள்ளை வந்துட்டுப் போயிருக்கு. ஸார் வேலை பாத்த காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணுத பிள்ளை. அது போன பொறவு வளையத்தக் காணும். ஸார் வீட்டம்மா தெருவுல நின்னு 'திருடி'ன்னு சத்தம் போட்டுட்டாவ. விஷயம் காலேஜுக்குப் போயிட்டு. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள வளையம் வரலைன்னா அந்தப் பிள்ளையோட ஆராய்ச்சிய ரத்து பண்ணிருவாங்களாம்."

"ஸார் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார் கோமதிசங்கர்.

"வாயத் தொறக்கல வே. அதான் எனக்கும் ஒரு மாதிரி இருக்கு."

கைலாசம் ஸார் வீட்டில் ஓர் எல்லைக்கோடு உண்டு. முன்னறையில் பஞ்சடைத்த பறவைகள், ஒரு கீரி, ஒரு மரநாய், சாடியில் வௌவால். அதற்கு அடுத்த அறையிலிருந்து சிவபூஜை, சுத்த சைவம். செத்தது எதுவும் நிலைப்படியைத் தாண்டக்கூடாது என்பது ஸாரின் மனைவி சண்முகசுந்தரி அம்மாளின் சட்டம். ஸாரும் பல நாள் முன்னறையிலேயே படுத்துக்கொள்வார் என்று கேள்வி.

"இது கடிக்குமா?" என்று கீரியைப் பார்த்துக் கேட்டான் இர்ஷாத்.

யாரும் சிரிக்கவில்லை. ஸார் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மாள் கதவோரம் நின்றார். நடுவில் மேஜைமேல் கண்ணாடி மூடி போட்ட சின்னப் பெட்டி. உள்ளே நீல வெல்வெட்டில் வளையம் இருந்த பள்ளம் மட்டும் இருந்தது. மூடி ஒழுங்காக மூடியிருந்தது, கொக்கியும் மாட்டியிருந்தது.

இர்ஷாத் குனிந்தான். "அண்ணாச்சி, நம்ம குருவி சைவம் போல. திருநீறு பூசியிருக்கு."

பள்ளத்தைச் சுற்றி வெல்வெட் ரோமத்தில் வெள்ளையாகத் தூள். கோமதிசங்கர் விரலால் தொட்டுப் பார்த்தார். திருநீறுதான்.

"சாமி ரூம்லேர்ந்து காத்துல வந்திருக்கும்" என்றார் அம்மாள். யாரும் கேட்கும் முன்பே வந்த பதில்.

"கண்ணாடி மூடிய தாண்டியாம்மா?"

அம்மாள் முந்தானையைச் சரிசெய்தார். சரியாக இருந்ததைத்தான்.

"ஸார், வளையம் எப்படி மாட்டுதீங்கன்னு ஒரு தடவ காட்டுங்களேன்" என்றார் கோமதிசங்கர்.

கைலாசம் ஸார் இழுப்பறையிலிருந்து புது வளையம் ஒன்றை எடுத்தார். வெறும் அலுமினியம். ஊதினால் பறந்துவிடும். இடுக்கியால் அழுத்தி மூடிக் காட்டினார். "நுனியும் நுனியும் நேருக்கு நேர் முட்டணும். ஒண்ணுமேல ஒண்ணு ஏறுச்சுன்னா காலை அறுத்திரும்."

"விலாசம்?"

"எல்லா வளையத்துலயும் பம்பாய் விலாசம்தான். அங்கன தெரிவிச்சா அவங்க எனக்குச் சொல்லுவாங்க."

சொல்லி முடித்ததும் அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். கோமதிசங்கரும் அதே சுவரைப் பார்த்தார். பேப்பரில் வந்த வளையத்தின் பெரிய படம் ஒரு சட்டத்தில், மஸ்கட் தபால்தலை ஒட்டிய உறை இன்னொரு சட்டத்தில். இர்ஷாத் உறையின் பக்கத்தில் போய்ப் பார்த்தான். பார்த்தவன் அப்புறம் அந்த வீட்டில் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. கோமதிசங்கர் அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஆட்டோவில் ஏறியதும் கோமதிசங்கர் ஆரம்பித்தார். "லே, வளையத்துல பம்பாய் விலாசம். மஸ்கட் தோட்டத்துல செத்த பறவையக் கண்டெடுத்தவனுக்குத் தச்சநல்லூர்த் தெருவும் கதவு நம்பரும் எப்படித் தெரிஞ்சுது?"

"குருவி சாகும்போது சொல்லியிருக்கும்."

"படத்துல பாத்தியா? வளையத்தோட நுனி ரெண்டும் ஏறிக்கிட்டு நிக்கி. ஸார் மாட்டுன வளையம் அப்படி நிக்காது."

"அப்போ திருநீறு?"

"வீட்டுல திருநீறு போட்டு எதைலே விளக்குவாங்க?"

இர்ஷாத் யோசித்தான். அவன் வீட்டில் அந்த வழக்கமில்லை, ஆனால் பாதித் திருநெல்வேலிக்கு அவன் ஆட்டோ ஓட்டியிருக்கிறான். "வெள்ளிச் சாமான்."

"அலுமினியத்துக்குத் திருநீறு போட்டுப் பளபளப்பாக்குத பொம்பளைய நான் பாத்ததில்ல. அது வெள்ளி. வெள்ளி கறுத்துப் போகும். நாளைக்குப் பெரிய மனுஷன் வாரான்னு வீட்டுல யாரோ கைப்பழக்கத்துல விளக்கியிருக்காங்க."

திருநீறு அந்த வீட்டில் நிலைப்படி, நெற்றி, கணக்குப் புத்தகம் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதனால் அங்கே யார் கண்ணிலும் அது படவில்லை. இதற்கு மேலப்பாளையத்துக் கண் வேண்டியிருந்தது.

முதலில் பாளையங்கோட்டையில் சாலோமி வீட்டுக்குப் போனார்கள். வாசலில் விரித்த பழைய செய்தித்தாளில் சாம்பல் நிற உருண்டைகள். அவள் ஊசியால் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே முடியும் பொடி எலும்பும், அரிசி அளவு பற்களும்.

"இது என்னம்மா, பலகாரமா?" என்றான் இர்ஷாத்.

"கூகை ஆந்தை கக்குனது. எலியை முழுசா முழுங்கும். சதை செரிச்சிரும், எலும்பும் முடியும் உருண்டையா வெளிய வந்திரும். மண்டை ஓட்டப் பாத்து எந்த எலி, எந்த மூஞ்சூறுன்னு சொல்லிரலாம். சேரன்மகாதேவில ஆத்தோரமா மூடிக் கெடக்குத அரிசி மில்லு ஒண்ணு இருக்கு. அங்க மாடத்துல வருஷக்கணக்குல குமிஞ்சு கெடக்கு."

"எலி மட்டும்தான் இருக்குமா?" என்றார் கோமதிசங்கர்.

ஊசி நின்றது. "சில நேரம் பறவையும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை நான்காக மடித்தாள்.

"வளையத்த நீ எடுத்தியா?"

"எடுக்கல."

"யாரு எடுத்தான்னு தெரியுமா?"

அவள் ஊசியை டப்பியில் போட்டு மூடினாள்.

"வியாழக்கிழமை எதுக்குப் போன?"

"ஸார்கிட்ட ஒண்ணு காட்ட. என்னன்னு கேக்காதீங்க. ஆராய்ச்சி போனாப் போகட்டும்." அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை அவள் விழவிடவில்லை. "ஸார் நேத்து சாப்பிட்டாவளா, தெரியுமா?"

ஆட்டோ திரும்பும்போது கோமதிசங்கர் தன் மோவாயைத் தடவிக்கொண்டே வந்தார். "களவாணி எங்கயாவது களவு குடுத்தவரு சாப்பிட்டாரான்னு விசாரிப்பாளாலே?"

"என் ஆட்டோல டயர் களவாண்டவன் விசாரிக்கல அண்ணாச்சி."

டவுனில் வெள்ளிக்கடைச் சந்தில் மூன்றாவது கடையிலேயே ஆள் அகப்பட்டார். மெட்டி செய்யும் ஆசாரி. பேப்பர் படத்தை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார்.

"இது நம்ம வேலைல்லா. இது எப்படிப் பேப்பர்ல வந்துச்சு?"

"யாருக்குச் செஞ்சீங்க?"

"ஒரு அம்மா வந்தாவ. வீட்டுல சின்ன அம்பாள் விக்கிரகம் இருக்கு, அதுக்கு மெட்டின்னாவ. பாத்தா பூனைக் குட்டிக்குக்கூடப் பத்தாது. மேல நம்பர் வெட்டணும்னாவ. அம்பாளுக்கு எதுக்கும்மா நம்பருன்னு கேட்டேன். வேண்டுதல்னாவ. இன்னைக்கும் எனக்கு அது என்ன வேண்டுதல்னு புரியல."

"நுனிய ஏத்தி விட்டது?"

"அந்த அம்மா நேருக்கு நேரா முட்ட வைக்கத்தான் சொன்னாவ. நான்தான் கேக்கல. மெட்டின்னா நுனிய ஏத்தி மழுக்கி விடணும். இல்லேன்னா உறுத்தும். அம்பாள் காலுல்லா."

கோமதிசங்கர் அந்த அம்மா யாரென்று கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் ஆசாரியே சொல்லிவிட்டார். "குருவி வாத்தியார் வீட்டம்மா. தெரியாதவங்க உண்டா? முகத்தைப் பாதி மூடிக்கிட்டுத்தான் வந்தாவ, பாவம்."

வெளியே வந்ததும் இர்ஷாத் ஆட்டோவைக் கிளப்பாமல் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாச்சி, அந்தக் கவர் மேல இருக்கது எங்க மச்சான் கையெழுத்து."

"என்னது?"

"எங்க அக்கா அஸீலாதான் அந்த அம்மாவுக்கு ஜாக்கெட் தைக்கா. மச்சான் லீவு முடிஞ்சு மஸ்கட் போகும்போது, அந்த அம்மா தந்த ஒரு கவர அக்கா குடுத்து, அங்கன விலாசம் எழுதித் தபால்ல போடுங்கன்னு சொன்னா. ரயிலடிக்கு மச்சானக் கொண்டு விட்டதே நான்தான். என் ஆட்டோலதான் குருவி மஸ்கட் போச்சு."

"எப்பலே தெரியும் உனக்கு?"

"சுவத்துல பாத்ததுமே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு அண்ணாச்சி. அங்கன ஒரு பிள்ளை திருடின்னு பேரு வாங்கிட்டு நிக்கி. களவுக்கு எங்க வீட்டுல இருந்து ஆட்டோ, தபாலு, கையெழுத்து எல்லாம் போயிருக்கு."

கோமதிசங்கர் திட்டவில்லை. அவன் தோளைத் தட்டிவிட்டு, "வண்டிய எடு" என்றார்.

தெருவுக்குத் திரும்பியபோது மாலை நான்கு மணி. ஷாமியானாக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் சும்மா மேற்பார்வைக்கு நின்றேன். ஸார் வீட்டு முன்னறை ஜன்னல் அங்கிருந்து எட்டடிதான். நான் வைத்த ஜன்னலா அது?

சண்முகசுந்தரி அம்மாள் மட்டும் முன்னறையில் இருந்தார். கோமதிசங்கர் குரலைத் தாழ்த்தி, "அம்பாளுக்கு மெட்டி பொருந்திச்சாம்மா?" என்றார்.

அம்மாள் பக்கத்தில் கிடந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேசியது அந்தக் கீரியைப் பார்த்து.

"தெருவுல இறங்க முடியாது. கோயிலுக்குப் போனாலும் 'குருவி கடுதாசி போட்டுச்சா'ம்பாவ. அவுக சிரிச்சிக்கிட்டே 'போடும், போடும்'னுட்டுப் போயிருவாவ. எனக்கு உடம்பு கூசும். அவுக எழுதி வச்சிருந்ததுல ஒரு நம்பரப் பாத்துச் செய்யச் சொன்னேன். புருஷனுக்காகச் செஞ்சேன்னு சொல்லிக்கிடலாம். அது பொய். என் வெக்கத்துக்காகத்தான் செஞ்சேன்."

"மஸ்கட் ஏம்மா?"

"வெளிநாடுன்னா இங்கேர்ந்து எல்லாரும் அங்கனதான போறாவ? அந்தப் பறவை வடக்க போகும்னு எனக்கு யாரு சொன்னா? அவுக அதப் புது வழின்னு கட்டுரை எழுதுவாவன்னு கண்டேனா? பெரிய மனுஷன் பம்பாய்லேர்ந்து கெளம்பி வருவாருன்னு கண்டேனா?"

"அதனால ஒளிச்சு வச்சிட்டீங்க."

அம்மாள் நிமிர்ந்தார். "நான் எடுக்கல!"

"அம்மா..."

"அம்பாள் மேல சத்தியமா எடுக்கல. அந்தப் பிள்ளை வெள்ளின்னு கண்டுபிடிச்சு, சாட்சிக்கு எடுத்துட்டுப் போயிட்டான்னுல்லா நெனச்சேன். திருடின்னு நாம முந்திச் சொல்லிட்டா, பொறவு அவ என்ன சொன்னாலும்..." அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். மீதியை நாங்கள் எல்லாரும் மனசுக்குள் முடித்துக்கொண்டோம். ஜன்னலுக்கு வெளியே கம்பு நட்டுக்கொண்டிருந்தவன் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோமதிசங்கர் பெட்டியைப் பார்த்தார். மூடியிருந்த மூடி. மாட்டியிருந்த கொக்கி. திருடிக்கொண்டு ஓடுகிறவன் கொக்கி மாட்டமாட்டான். அந்தப் பெட்டியை வருஷம் முழுக்கத் திறந்து மூடிப் பழகிய கைதான் மாட்டும்.

"நான்தான் எடுத்தேன்" என்றது உள்ளறையிலிருந்து ஒரு குரல்.

கைலாசம் ஸார் வந்தார். கையில் ஒரு துணிப்பை. பூஜையறைத் தாம்பாளத்தையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பூஜைச் சாமான் அந்த வீட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியதை அம்மாள் தடுக்கவில்லை. பையை அதில் கவிழ்த்தார்.

சலசலவென்று வளையங்கள் விழுந்தன. ஒரு கை நிறைய இருக்கும். எல்லாம் மங்கிப்போன அலுமினியம். நடுவில் ஒன்று மட்டும் பளபளவென்று வெள்ளி.

"இதெல்லாம் என்ன ஸார்?" என்றார் கோமதிசங்கர்.

"என் பறவைங்க."

அறையில் யாருக்கும் புரியவில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது, சொன்னார்.

"உள்ளான் இருட்டுன பொறவுதான் வலையில விழும். டார்ச் வெளிச்சத்துல வளையத்த மாட்டி, அங்கனயே வரப்புல விட்டிருவேன். வெளிச்சத்துலேர்ந்து இருட்டுக்குப் போன பறவைக்குக் கண்ணு தெரியாது. பறக்காம அப்படியே உக்காந்துக்கிடும். ஒரு கூடையில மூடி வச்சிருந்து விடிஞ்சதும் விட்டிருக்கணும். விடியுற மட்டும் நான் அங்கன இருக்கணும்லா? திருநெல்வேலிக்குக் கடைசி பஸ்ஸு போயிருமேன்னு விட்டிருவேன்."

காலிப் பையை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு வயல் தள்ளி அந்த மில்லு. மாடத்துல கூகை. என் டார்ச்ச எங்கன பாத்தாலும் அதுக்குச் சாப்பாடு. வருஷா வருஷம் வந்து காத்திருந்திருக்கு. நான் சைபீரியாவுலேர்ந்து கடுதாசி வரும்னு இருந்தேன். அதுங்க ரெண்டு வயலத் தாண்டல."

சாலோமி அந்த வளையங்களை உருண்டைகளுக்குள்ளிருந்தும், உதிர்ந்து கிடந்த எலும்புக்குப்பையிலிருந்தும் பொறுக்கி, வியாழக்கிழமை அவரிடம் மட்டும் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். ஸார் ஒரு வளையத்தை விரலால் நகர்த்தினார். "பாருங்க. மஸ்கட்ல செத்துச்சுன்னு நான் கட்டுரையில எழுதுன பறவை. அதே நம்பர்."

"அது வெள்ளின்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கறிவேப்பிலைல பூச்சி இருந்தாக்கூட லென்ஸ எடுக்குத ஆளு நான். அந்த வளையத்த மட்டும் லென்ஸ் வச்சுப் பாக்கவே இல்ல. வீட்டு விலாசத்துக்குத் தபால் வந்தப்பவே மனசுல ஒண்ணு உறுத்திச்சு. பாத்தாத் தெரிஞ்சிரும். அதான் பாக்கல. மாலை போடுதோம்னு வந்தாங்க, கழுத்தக் குடுத்துட்டேன்."

அம்மாள் சத்தமில்லாமல் அழுதார். ஸார் அவரைப் பார்க்கவில்லை. கோபத்தினால் அல்ல என்று இர்ஷாத் பிறகு சொன்னான். அவனே அந்த நேரத்தில் தன் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"அதெல்லாம்கூடப் பெருசில்ல" என்றார் ஸார். "அந்தப் பிள்ளைய இவ தெருவுல திருடின்னா. நான் உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். வளையம் என் பையில இருக்கு. அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தாத் தப்பிச்சிருப்பா. எனக்காகச் சொல்லல. நான் அவளுக்காக எந்திரிச்சு வாசல் வரைக்கும் வரல."

சட்டையை மாட்டிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். நேராகப் பிச்சைக்கண்ணு பூத். அந்தப் பூத்தின் கதவு கீல் போய் ரொம்ப நாளாகிறது, சாத்தவே சாத்தாது. அதில் பேசுவதும் ஊர்க்கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுவதும் ஒன்று. ஸாருக்கு அது தெரியும். கதவைச் சாத்த அவர் முயலவும் இல்லை.

"நான் கைலாசம் பேசுதேன். துறைத் தலைவர் இருக்காரா? ஆமா. வளையத்த யாரும் திருடல. நான்தான் எடுத்தேன். இல்ல, அந்த வளையமே பொய். மஸ்கட்டும் பொய், என் கட்டுரையும் பொய். பம்பாய்க்காரருக்கும் நானே சொல்லிருதேன். சாலோமி பேருல ஒரு எழுத்துகூட எழுதிராதீங்க... இல்லய்யா, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

தெரு முழுக்க நின்றது. குருவி கடுதாசி போட்டுச்சா என்று கேட்ட வாய்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. பிச்சைக்கண்ணு, எழுதிக்கொண்டிருந்த வரவேற்புரையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இர்ஷாத் அரை மணி நேரத்தில் பாளையங்கோட்டைக்குப் போய்ச் சாலோமியைக் கூட்டி வந்துவிட்டான். அந்தப் பெண் வாசலில் இறங்கியதும் சண்முகசுந்தரி அம்மாள் கையைப் பிடித்து, "உள்ள வாம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

சாலோமி நகரவில்லை. "உள்ள வேண்டாம்மா. தெருவுல வச்சுத்தான சொன்னீங்க?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அம்மாள் படியிறங்கினார். எங்களைப் பார்த்து, "இந்தப் பிள்ளை எடுக்கல. நான் சொன்னது பொய்" என்றார். முதல் தடவை எங்களில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. அம்மாளே இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.

ஷாமியானாக்காரன் கம்பைப் பிடுங்க ஆரம்பித்தான். கூட்டம் ஆளுக்கு ஒரு வேலை ஞாபகம் வந்ததுபோலக் கலைந்தது. நான் மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கலைந்தேன்.

கைலாசம் ஸார் படியில் உட்கார்ந்தார். தாம்பாளத்தைச் சாலோமியின் பக்கம் நகர்த்தினார்.

"இது உன் ஆராய்ச்சில வரணும்."

"நான் வளையத்தப் பத்தி எழுதலைன்னு இருந்தேன் ஸார். எலி, மூஞ்சூறு மட்டும்."

"கூகை என்ன தின்னுச்சோ அத எழுதணும். உள்ளான்னு எழுது. யாரு பிடிச்சு இருட்டுல விட்டதுன்னும் எழுது. நாளைக்கு வேற எவனும் அப்படி விடக்கூடாது."

"பேரு போடணுமா ஸார்?"

"போடு."

அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஒரு தாளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் எழுதினாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"கடைசி பஸ்ஸுக்காக விட்டீங்கன்னு... அதையும் எழுதணுமா ஸார்?"

ஸார் தாம்பாளத்திலிருந்து ஒரு வளையத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்தார்.

"அதத்தான் மொதல்ல எழுதணும்" என்றார்.